அட்மின் உரிமை என்னும் சர்வரோக நிவாரணி

பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களை ஒரு சர்வரோடு இணைத்து வைத்துக்கொண்டு கணக்கும் பில்லும் கடிதப் போக்குவரத்தும் நடத்துகிற நம் ஊர் அலுவலகங்களில், காலையில் ஒரு குமாஸ்தா தம் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து முடித்தபின் திரை அவரை உள்ளே விட மறுத்துவிட்டால், அதற்குச் செய்யத்தக்க பரிகாரம் ஒன்றே ஒன்றுதான் என்ற அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றிக் கிடக்கிறது. ‘அட்மின் ரைட்ஸ் குடுத்துடுங்க, சரியாப்போயிடும்’ என்பதே அந்தப் பரிகாரம். முதலாளி இதைச் சொல்கிறார், மானேஜர் சொல்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகிற சிஸ்டம்காரர் சொல்கிறார், கணக்கு சாஃப்ட்வேரை விற்றவர்களுடைய சப்போர்ட் ஆளோ ஃபோனை எடுத்ததுமே இதைத்தான் சொல்கிறார். இத்தனை பேர் ஏகமனதாகச் சொல்கிறார்கள் என்பதனாலேயே ஒரு சித்தாந்தம் மெய்யாகிவிடாது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இந்த மருந்து நோயைத் தொடுவதே இல்லை என்பதும், தொட்டதுபோல் தோன்றுகிற சிற்சில சந்தர்ப்பங்களில் நோய் எங்கே இருந்தது என்பதற்கான தடயத்தைத்தான் அழித்துவிடுகிறது என்பதும் என் கட்சி.

ஒருவர் லாகின் செய்வது ஒரே காரியம்போல் தோன்றினாலும், எல்லாருடைய பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒரே சர்வரில் வைத்து ஆளுகிற டொமைன் என்ற ஏற்பாட்டை அமைத்த அலுவலகத்தில் அதற்குள் வெவ்வேறு விசாரணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. வந்திருப்பவர் தாம் சொல்லுகிற ஆள்தானா என்பது முதல் விசாரணை. ஆள் மெய்தான் என்று தெரிந்தால், அவர் இந்தக் குறிப்பிட்ட கம்ப்யூட்டரில், இந்த நேரத்தில், இந்த வழியாக நுழையலாமா என்பது இரண்டாவது. நுழைந்தபின் எந்த ஃபோல்டரைப் படிக்கலாம், எதில் எழுதலாம், எதை அழிக்கலாம் என்பது மூன்றாவது. அட்மின் உரிமை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒருசில இடங்களில் செல்லுபடியாகிற சலுகையே தவிர, முதல் விசாரணையில் தோற்றவருக்கு அதனால் எள்ளளவும் பிரயோஜனம் கிடையாது. ரயிலில் டிக்கெட்டே எடுக்காதவர், நேற்றைய டிக்கெட்டோடு ஏறியவர், தம் பெட்டி எதுவென்று தெரியாமல் வேறு பெட்டியில் உட்கார்ந்தவர், அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் ஆகிய நால்வரையும் பரிசோதகர் ‘எழுந்திருங்கள்’ என்ற ஒரே வார்த்தையால்தான் எழுப்புகிறார். அதைக் கேட்டுவிட்டு, நால்வரையும் கார்டு பெட்டியில் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தீர்மானிப்பாரானால், அவருடைய புத்திசாலித்தனத்தை நாம் எப்படி மதிப்போமோ அப்படியே இந்தச் சர்வரோக நிவாரணியையும் மதிக்க வேண்டியிருக்கிறது.

திரையில் தெரிகிற வாசகம் சுருக்கமானதுதான். சில வேளைகளில் வேண்டுமென்றே மழுப்பலானதும்கூட. பெயர் தவறா, பாஸ்வேர்டு தவறா என்பதை அது பிரித்துச் சொல்லாததற்குக் காரணம், வாசலில் நிற்கும் அந்நியனுக்கு ‘பெயர் சரி, பாஸ்வேர்டு மட்டும்தான் தப்பு’ என்று பாதி வழி காட்டிவிடக் கூடாது என்பதே. ஆனால் திரை மழுப்பினாலும் பதிவேடு மழுப்புவதில்லை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி என்ற பகுதியில் 4625 என்ற எண்ணைத் தேடினால், தோற்றுப்போன ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கக் காணலாம். தோல்விகளையும் பதியும்படி தணிக்கை அமைப்பை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதிவில் உபகாரணக் குறியீடு என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அதன் வால் 64 என்று முடிந்தால் அப்படி ஒரு யூசரே இல்லை. 6ஏ என்று முடிந்தால் பாஸ்வேர்டு தவறு. 71 என்றால் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது. 72 என்றால் அக்கவுண்டை யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள். 193 என்றால் அக்கவுண்டே காலாவதி. 234 என்றால் பல முறை தவறாக அடித்ததனால் பூட்டப்பட்டிருக்கிறது. 6எஃப் என்றால் அனுமதித்த நேரத்துக்கு வெளியே வந்திருக்கிறார். 70 என்றால் இந்தக் கம்ப்யூட்டர் அவருக்கு ஒதுக்கப்பட்டதல்ல. இத்தனைக்கும் அப்பால் 15பி என்று முடிகிற ஒரு குறியீடு உண்டு: ஆள் சரி, பாஸ்வேர்டு சரி, ஆனால் அவர் கேட்கிற வகையில் இந்த இயந்திரத்தில் நுழைகிற உரிமை அவருக்கு வழங்கப்படவில்லை என்பது அதன் தாத்பரியம். அட்மின் உரிமை கொடுத்தால் தீரும் என்று சொல்வதற்குச் சிறிதேனும் இடமிருக்கிற மறுப்பு இந்த வரிசையிலேயே இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் அதே மருந்தை எழுதிக்கொடுக்கிறவர் பதிவேட்டைப் படிக்கவில்லை என்றே நாம் கொள்ளவேண்டும்.

பதிவேட்டைப் படிக்காததன் பலனை இரண்டு உதாரணங்களில் பிரத்தியட்சமாகக் காணலாம். ‘இந்த ஒர்க்ஸ்டேஷனுக்கும் டொமைனுக்கும் இடையே உள்ள நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது’ என்ற பொருள்பட ஒரு செய்தி வருவதுண்டு. மனிதர்களுக்கு இருப்பதுபோலவே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் டொமைனில் ஓர் அக்கவுண்டும் ஒரு பாஸ்வேர்டும் உண்டு என்பதும், அந்தப் பாஸ்வேர்டை அந்த இயந்திரமே யாருக்கும் சொல்லாமல் சுமார் 30 நாளைக்கு ஒரு முறை மாற்றிக்கொள்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. வைரஸ் வந்துவிட்டது என்றோ வேகம் குறைந்துவிட்டது என்றோ இரண்டு மாதத்துக்கு முந்திய இமேஜை, அதாவது டிஸ்க்கின் முழு நகலை, யாராவது அந்தக் கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றினால், இயந்திரத்திடம் பழைய பாஸ்வேர்டும் சர்வரிடம் புதியதும் நின்றுபோய், இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் விழிக்கின்றன. இதில் குமாஸ்தாவின் உரிமை எங்கே வந்தது? அவரை அட்மினாக்கினாலும், டொமைனுக்கே அதிபதியாக்கினாலும், அந்த மேஜையில் அவருக்குக் கிடைக்கப்போவது அதே செய்திதான். லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு லாகின் செய்தால் உள்ளே போகிறதே என்று சிலர் அதிசயிப்பதுண்டு. முன்பு நுழைந்தவர்களில் கடைசிப் பத்துப் பேரின் சான்றை விண்டோஸ் தன்னிடமே சேமித்து வைத்திருப்பதன் விளைவு அது, சிகிச்சை அல்ல. பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் என்ற கட்டளையை ரிப்பேர் என்ற குறிப்போடு ஒரு முறை கொடுத்தால் இயந்திரமும் சர்வரும் மறுபடி சமாதானமாகிவிடும். டொமைனிலிருந்து விலக்கி மீண்டும் சேர்க்கிற நீண்ட வழிக்குக்கூட அநேகமாக அவசியமிராது.

மற்றொன்று கடிகாரம். டொமைனில் ஆளை அடையாளம் காண்கிற கெர்பரஸ் என்ற முறை, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதீனா என்ற திட்டத்தில் பிறந்தது. 2000-ஆம் ஆண்டு ஆக்டிவ் டைரக்டரி என்ற டொமைன் ஏற்பாடு வந்தது முதல் விண்டோஸ் அலுவலகங்களின் வாயிற்காப்போன் அதுவே. ஒருவர் அளித்த சான்றை வேறொருவர் வழியில் பிடித்து வைத்துக்கொண்டு பிற்பாடு பிரயோகித்துவிடாதபடி அது நேரத்தைக் கணக்கில் கொள்கிறது. இரு பக்கத்துக் கடிகாரங்களுக்கும் இடையே வழக்கமாக 5 நிமிஷத்துக்குமேல் பேதம் இருப்பதை அது சகிப்பதில்லை. நம் அலுவலகங்களிலோ சாயங்காலம் கடையடைக்கிறபோது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது சம்பிரதாயம். மதர்போர்டில் பதித்திருக்கிற சி.ஆர். 2032 என்ற நாணயம்போன்ற பேட்டரி செத்துப்போயிருந்தால், காலையில் அந்தக் கம்ப்யூட்டர் பல வருஷங்களுக்கு முந்திய ஜனவரி முதல் தேதியில் கண்விழிக்கிறது. சர்வர் அதன் சான்றை ஏற்க மறுக்கிறது. வாட்ச் கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற ஒரு பேட்டரி செய்யவேண்டிய வேலையை அட்மின் உரிமை எப்படிச் செய்யும்?

பூட்டப்பட்ட அக்கவுண்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாஸ்வேர்டை மாற்றிய ஊழியருடைய செல்ஃபோனிலோ, அவர் முன்பு லாகின் செய்துவிட்டு மறந்துபோன வேறொரு மேஜையிலோ பழைய பாஸ்வேர்டு தங்கி, அது பாட்டுக்குச் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வரின் பதிவேட்டில் 4740 என்ற எண்ணைப் பார்த்தால், தட்டுகிற கம்ப்யூட்டரின் பெயரே எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் தினம் இரண்டு வேளை அக்கவுண்டைத் திறந்துவிட்டுக் கொண்டிருந்து, சலித்துப்போய் ஒரு நாள் பூட்டுகிற விதியையே ரத்து செய்துவிடுகிறார்கள்.

இனி, எதிர்க்கட்சிக்கு அநுகூலமான அந்த ஒரே குறியீட்டுக்கு, 15பி-க்கு வருகிறேன். இங்கே அட்மின் உரிமை கொடுத்தால் மெய்யாகவே கதவு திறந்துவிடுவதுண்டு. ஆகவே இங்கேதான் மருந்தின் கீர்த்தி நிலைபெறுகிறது. ஆனால் இங்கேயும் தேவையானது அட்மின் உரிமை அன்று. தூரத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருகிறவரை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற குரூப்பில் சேர்த்தால் போதும். நேரே உட்கார்ந்து நுழைகிறவருக்கு, செக்யூரிட்டி பாலிசியில் உள்ளூர் நுழைவை அனுமதிக்கிற பட்டியலில் அவருடைய குரூப்பின் பெயர் இருந்தால் போதும். அதே பாலிசியில் நுழைவை மறுக்கிற பட்டியல் ஒன்றும் தனியாக உண்டு. அதில் ஒருவருடைய பெயர் ஏறிவிட்டால் மறுப்புத்தான் மேலோங்கும், அவர் அட்மினே ஆனாலும் வெளியேதான் நிற்பார்.

இதில் மிக விபரீதமான வடிவம் சிறிய அலுவலகங்களில்தான் காணக்கிடைக்கிறது. இடமும் பணமும் போதாமையால், டொமைனை ஆள்கிற சர்வரையே ஒரு மேஜையில் வைத்து, அதற்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, அதிலேயே ஒரு பில் போடும் பெண்ணை உட்கார்த்திவிடுகிறார்கள். டொமைன் கண்ட்ரோலர் என்ற அந்த இயந்திரம் சாதாரண யூசர்களைத் தன் முன்னால் உட்கார்ந்து நுழையவிடுவதில்லை. அது இயந்திரத்தின் இயல்பான அமைப்பு, சரியான அமைப்பும்கூட. ஆனால் பெண்ணுக்கு வேலை நடக்கவேண்டும். ‘ஏன் சார் லாகின் ஆக மாட்டேங்குது?’ என்று அவர் கேட்கிறார், சிஸ்டம்காரர் குனிந்து இரண்டு நிமிஷம் தட்டுகிறார், லாகின் ஆகிவிடுகிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் நடந்தது என்னவென்றால், வேறு கம்ப்யூட்டர்களில் இருப்பதுபோல் தனக்கென்று தனியான உள்ளூர் அட்மின் குரூப் அந்தச் சர்வரில் இல்லாமையால், பில் போடுவதற்காக வந்த ஒருவர் அந்த டொமைன் முழுவதன்மீதும் ஆதிக்கம் உடையவராக ஆக்கப்பட்டார். முதலாளியின் பாஸ்வேர்டை மாற்றவும், ஆடிட்டருடைய ஃபோல்டரைத் திறக்கவும், எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவும் அவருக்கு இப்போது முடியும். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் செய்யமாட்டார். ஆனால் அவர் திறக்கிற இமெயிலுக்கு அந்த நல்ல குணம் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

‘நம்ம ஆளுங்கதானே, நம்பாம எப்படி?’ என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில். உரிமையைக் குறைப்பது மனிதரைச் சந்தேகிப்பதாகாது. ஒருவர் இயக்குகிற ஒவ்வொரு புரோகிராமும் அவருடைய உரிமையைத் தனதாக்கிக்கொண்டு இயங்குகிறது. ஆகையால் அவரை நம்புவதென்றால், அவர் அறிந்தும் அறியாமலும் திறக்கிற எல்லாவற்றையும் நம்புவதாகப் பொருள்படுகிறது. 2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி உக்ரைனில், வரிக்கணக்கு சாஃப்ட்வேர் ஒன்றின் அப்டேட்டோடு கலந்து புறப்பட்ட நாட்பெட்யா என்ற நாசகாரப் புரோகிராம் இதைத் தர்க்கத்துக்கு இடமில்லாமல் காட்டியது. விண்டோஸின் ஓட்டை ஒன்றின் வழியாக அது பரவியது என்பது பாதிக் கதைதான். ஓட்டையை அடைத்திருந்த கம்ப்யூட்டர்களுக்குள்ளும் அது நுழைந்தது. முதலில் பிடித்த இயந்திரத்தின் நினைவகத்தில் கிடந்த பெயர்களையும் சான்றுகளையும் பொறுக்கியெடுத்து, அவற்றுள் அட்மின் உரிமை உடையவற்றைக் கொண்டு அடுத்த இயந்திரத்தில் சட்டப்படி லாகின் செய்து, நிர்வாகிகள் அன்றாடம் உபயோகிக்கிற கருவிகளாலேயே தன்னை அங்கே நிறுவிக்கொண்டது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி தனக்கு நேர்ந்த நஷ்டத்தை 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று மதிப்பிட்டது. பல நாடுகளில் பல நிறுவனங்கள் அன்று ஸ்தம்பித்துப்போனதற்கு அவற்றின் ஊழியர்களில் எவருடைய நாணயக் குறைவும் காரணமன்று.

இப்படி ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மனிதர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது என்று தோன்றுகிறது. விண்டோஸ் 95, 98 காலத்தில் திரையில் பாஸ்வேர்டு கேட்கும். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் ஒன்றும் கேளாமல் உள்ளே விட்டுவிடும். அந்தக் காலத்தில் தொழில் கற்றவர்களுக்கு லாகின் என்பது ஒரு சடங்கு. அவர்களைப்போலவே அந்தக் காலத்துப் புரோகிராம்களும், தம் தகவல்களைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிப் பழகியவை. பின்னால் வந்த விண்டோஸ் அங்கே எழுதுவதைச் சாதாரண யூசர்களுக்கு மறுத்தபோது, சாஃப்ட்வேரைத் திருத்துவதைவிட யூசரை அட்மினாக்குவது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தைத்தான் சப்போர்ட் ஆட்கள் இன்றளவும் ஃபோனில் ஓதுகிறார்கள். ‘அட்மின் இல்லாம எங்க சாஃப்ட்வேர் ஓடாது’ என்று சொல்கிறவரிடம், அது எந்த ஃபோல்டரில் எழுத முயன்று தோற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அவருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே அளிக்கிற ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, மறுக்கப்பட்ட முயற்சிகளை மட்டும் வடிகட்டினால், குற்றவாளியாக ஒரே ஒரு ஃபோல்டரோ ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு கிளையோ வந்து நிற்கும். அந்த ஓரிடத்தில் மட்டும் எழுதுகிற அனுமதியைக் கொடுத்தால் சாஃப்ட்வேர் ஓடும். ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும், ஒவ்வொரு யூசரும் ஒவ்வொரு புரோகிராமும் தத்தம் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்தோடு இயங்கவேண்டும் என்று எழுதியது 1975-இல். நம் சப்போர்ட் ஆட்களின் காதில் அது விழுவதற்கு அரை நூற்றாண்டு போதவில்லை.

பொதுக் கணக்கு ஃபோல்டரில் நடக்கிற கூத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நெட்வொர்க்கில் ஒரு ஃபோல்டருக்கு இரண்டு காவல்கள் உண்டு: பங்கிட்ட வாசலில் ஒன்று, டிஸ்க்கில் ஃபோல்டர்மேலேயே மற்றொன்று, இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். புதிதாக வந்த குமாஸ்தாவை அக்கவுண்ட்ஸ் குரூப்பில் முறைப்படி சேர்க்கிறார்கள். அவரோ காலையில் லாகின் செய்து உட்கார்ந்தவர். அவருடைய குரூப்புகளின் பட்டியல் லாகின் ஆன கணத்திலேயே எழுதி முத்திரையிடப்பட்டுவிட்டது. ஒரு முறை லாக் ஆஃப் செய்து திரும்ப வந்தாலொழிய புதிய குரூப் அந்தப் பட்டியலில் ஏறாது. இதை உணராமல், சேர்த்தும் திறக்கவில்லையே என்று பதறி, வாசலிலும் டிஸ்க்கிலும் எவ்ரிஒன் என்ற பெயருக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிடுகிறார்கள். உடனே திறந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவர் மறுபடி லாகின் செய்கிறபோது முறையான குரூப்பின் உரிமையே அவரிடம் வந்து சேர்ந்திருக்கும்; எவ்ரிஒன்னுக்கு இனி அங்கே வேலையில்லை. ஆனால் திறக்கிற ஃபோல்டரை யார் மறுபடி ஆராயப்போகிறார்கள்? நோய் தானாகத் தீர்ந்தது. புகழ் மருந்துக்குப் போயிற்று. டெஸ்பாட்ச் பையன்வரை அந்த ஆபீஸில் எவர் வேண்டுமானாலும் முழு வருஷக் கணக்கையும் ஒரு பட்டனில் அழிக்கலாம் என்ற நிலைமை மட்டும் மிஞ்சியது.

அவசரத்தைக் காரணம் காட்டுகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டன் போட்டாக வேண்டும், லாகின் ஆகவில்லை என்றால், தத்துவம் பேசிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. பெரிய கம்பெனிகளில், ஒரு ஃபோல்டரைத் திறந்துவிடச் சொல்லி டிக்கெட் போட்டால் நான்கு நாள் கழித்து மூன்று கேள்வி கேட்டுப் பதில் அனுப்புகிற ஐ.டி. பிரிவுகள்தான், மறுப்பு என்றாலே வெறுப்பு என்ற மனோபாவத்தை ஊழியர்களிடம் வளர்த்தவை என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவசரத்துக்கு உதவுகிற உபாயம் வேறு, நிரந்தர ஏற்பாடு வேறு. ‘இப்போ குடுங்க, அப்புறம் எடுத்துக்கலாம்’ என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. வராது என்பதை அறிந்துதானோ என்னவோ, விண்டோஸ் சர்வர் 2016 முதல் ஒருவரைக் குரூப்பில் சேர்க்கும்போதே இத்தனை மணி நேரத்துக்கு என்று கெடு வைத்துச் சேர்க்கிற வசதியை அளித்திருக்கிறார்கள். கெடு தீர்ந்ததும் உரிமை தானே உதிர்ந்துவிடும். பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம். அதுவும் இயலாது என்றால், நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற ஒரு வரியைத் தம் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது அடித்து, வருகிற பெயர்களை முதலாளியே வாசித்துப் பார்க்கட்டும். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் அதில் இருக்குமானால் அவர் ஆச்சரியப்படவேண்டாம்.

‘சின்ன ஆபீஸ், நம்மகிட்ட என்ன இருக்கு, இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்கு’ என்பது கடைசி வாதம். எல்லாவற்றிலும் பலவீனமானதும் அதுவே. பெரிய கம்பெனிக்கு வேறு ஊரில் ஒரு பிரதி இருக்கும், இரவும் பகலும் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இருக்கும். சின்ன ஆபீஸிலோ பேக்அப் என்பது அதே சர்வரில் சொருகிய ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கும், விண்டோஸ் தானே எடுத்து வைத்துக்கொள்கிற பழைய நகல்களும்தான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் புகுந்தால், அது முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று அந்தப் பழைய நகல்களை அழிப்பது. அவற்றை அழிக்க அட்மின் உரிமை வேண்டும். பில் போடுகிறவர் வெறும் யூசராக இருந்தால், அவர் தொட்ட ஃபோல்டர்கள் கெடும், நேற்றைய நகலிலிருந்து அவற்றை மீட்டுக்கொள்ளலாம். அவர் அட்மினாக இருந்தால் அந்த நகல்களும் போய்விடும்.